வெப் டெவலப்பரின் வீட்டு வேலையிடம்: எர்த் கம்பி முதல் எடிட்டர் வரை

மதுரையிலோ அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ வீட்டிலிருந்தபடியே இணையதளம் உருவாக்கும் வேலையில் இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அறையை மூன்று முறை கலைத்து அடுக்கியிருக்கிறேன். என்னிடம் வேலை பழக வந்தவர்கள் சிலருடைய அறைகளை உடனிருந்து அமைத்துக் கொடுத்துமிருக்கிறேன். அவர்கள் வாங்கி வைத்திருந்த பொருட்களில் பெரும்பாலானவை நல்லவையே. வாங்கிய வரிசைதான் கோணலாக இருந்தது. முதலில் விலையுயர்ந்த விசைப்பலகை வரும், பிறகு மானிட்டர் வரும், அதன் பிறகுதான் அந்தச் சுவரில் பிளக் பாயின்ட் இல்லை என்பது தெரியவரும்.

ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியைச் சார்ந்திருப்பதால், கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்வது நல்லது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

ஓர் அளவு நாடா, நம்பிக்கையான எலக்ட்ரீஷியன் ஒருவர், இடையூறில்லாத இரண்டு நாட்கள், பழைய கணினியின் கோப்புகள் அனைத்தையும் நகலெடுத்து வைத்த ஒரு வெளி ஹார்டு டிஸ்க் ஆகியவை போதும். நகலெடுப்பதை முதலிலேயே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் புதிய கணினி வந்த உற்சாகத்தில் பழையதை அழித்துவிட்டுப் பிறகு தேடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நாட்களைத் தேர்ந்தெடுக்கும்போது நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரைத் திருவிழாவில் தேரோட்டமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் நடக்கும் நாட்களில் நகருக்குள் போக்குவரத்து திருப்பிவிடப்படும். அன்று மேசை வரும், ஆள் வருவார் என்று காத்திருப்பது வீண்.

2. இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டில் எந்த அறை, அந்த அறையில் எந்தச் சுவர் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். மேசை நிற்கும் இடம் தெரியாமல் எலக்ட்ரீஷியனை அழைத்தால் அவரை இரண்டாம் முறையும் அழைக்க வேண்டியிருக்கும்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையைக் கூடுமானவரை தவிர்க்கவும். கான்கிரீட் தளம் பகல் முழுதும் வாங்கிய வெயிலை இரவில்தான் வெளியே விடுகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளருடன் பேசும் நேரம் பெரும்பாலும் அதே இரவு நேரமாக அமைந்துவிடுவதால் உங்களுக்கும் சிரமம், மடிக்கணினிக்கும் சிரமம். வேறு அறை இல்லையென்றால் மாடித் தளத்தின் மேல் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்துவிடுங்கள்.

சன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்குமாறு மேசை அமைய வேண்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெளிச்சம் திரையில் விழுந்து எழுத்து மங்கும். முகத்துக்கு எதிரே இருந்தால் கண் கூசும். மேற்குப் பார்த்த சன்னல் என்றால், மாலை 4 மணிக்கு அங்கே அமர்ந்து பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

3. மின்சாரம்

பலரும் தாண்டிச் செல்லும் படி இது. வேலைக்கு இடையே கணினி அணைந்து வருந்துகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் படியில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

முதலில் எர்த். மடிக்கணினியின் உலோக உடலை விரலால் தடவும்போது எறும்பு ஊர்வதுபோலச் சுருக்கென்று இருந்தால், பிளக் பாயின்ட்டில் எர்த் சரியில்லை என்றோ மூன்று முள் பிளக்கை இரண்டு முள்ளாக்கும் சிறு இணைப்பான் ஒன்றை இடையில் செருகியிருக்கிறீர்கள் என்றோ சந்தேகப்பட வேண்டும். எலக்ட்ரீஷியனிடம் மல்டிமீட்டரால் பார்க்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட்டை ஒட்டியும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரண்டு வோல்ட்டுக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும். உப்பும் கரியும் போட்ட பழைய எர்த் குழி உள்ள வீடுகளில், கோடையில் மண் காய்ந்ததும் எர்த் வலுவிழந்துவிடும். குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வந்தாலே பாதி சரியாகிவிடும்.

அடுத்தது இன்வெர்ட்டர். துணைமின் நிலையப் பராமரிப்புக்காக அறிவிக்கப்படும் மின்தடை காலை 9 மணிக்குத் தொடங்கினால் பிற்பகல் வரையிலும், சில நாட்களில் மாலை 5 மணி வரையிலும் நீளும். அத்தனை மணி நேரத்துக்கும் உங்கள் இன்வெர்ட்டர் தாங்குமா என்பதை ஊகிக்காமல் கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டுக்கணக்குப்படி 1800 வாட்-மணி இருக்கிறது. மாற்றத்தில் வீணாவதையும், பேட்டரியை அடிவரை வடித்தால் அதன் ஆயுள் குறைவதையும் கருதி 1000 வாட்-மணி மட்டுமே கையில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினிக்கு 50, 24 அங்குல மானிட்டருக்கு 25, ரவுட்டருக்கு 12, எல்இடி விளக்குக்கு 10, பழைய மின்விசிறிக்கு 75 என்று கூட்டினால் 172 வாட் வருகிறது. ஏறக்குறைய 6 மணி நேரம் ஓடும். மின்விசிறியை மட்டும் 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி வகைக்கு மாற்றினால் அதே பேட்டரி 8 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். இந்த முழு வழிகாட்டியிலும் செலவுக்கு மிக அதிகப் பயன் தரும் மாற்றம் அந்த மின்விசிறிதான் என்பது என் கருத்து.

இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். மேசைக் கணினி வைத்திருப்பவர்கள் இன்வெர்ட்டரின் பின்புறம் உள்ள சுவிட்சை யூபிஎஸ் நிலையில் வைக்க வேண்டும். மற்ற நிலையில் மின்சாரம் மாறும் அந்த இமைப்பொழுதில் கணினி அணைந்து மீண்டும் தொடங்கக்கூடும். மடிக்கணினிக்கு அதன் பேட்டரியே துணை என்பதால் இந்தக் கவலை இல்லை.

ரவுட்டருக்குத் தனியாக ஒரு மினி யூபிஎஸ் வாங்குங்கள். வாங்குமுன் ரவுட்டர் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர், முனையின் நேர் எதிர்க் குறி ஆகிய மூன்றையும் புகைப்படம் எடுத்துச் செல்லுங்கள். 12 வோல்ட் ரவுட்டருக்கு 9 வோல்ட் முனையைச் செருகிவிட்டு யூபிஎஸ் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் உண்டு.

வீட்டில் மின்சாரம் இருந்தும் இணையம் போகப் பல நேரங்களில் காரணம், தெருவில் இணைய நிறுவனம் வைத்திருக்கும் பெட்டிக்கு மின்சாரம் இல்லாமல் போவது. அதை நீங்கள் சரிசெய்ய முடியாது. ஆகவே, மாற்று வழியாகக் கைப்பேசியில் வேறொரு நிறுவனத்தின் சிம் வழியே ஹாட்ஸ்பாட் தயாராக இருக்க வேண்டும்.

கோடை மழை இடியோடு வந்தால் அடாப்டர்களைப் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள். ஃபைபர் இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மை. ரவுட்டரின் அடாப்டர் கடத்தும்.

4. நாற்காலி முதலில், மேசை பிறகு

நாற்காலியை முதலில் வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பாதம் தரையில் முழுதாகப் பதியுமாறு நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்து, தோளைத் தளர்த்தி, முழங்கையை மடித்து அமருங்கள். தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை உள்ள அளவுதான் உங்கள் மேசையின் உயரம். கடையில் விற்கும் மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரத்தில் இருப்பவை, சராசரி உயரமுள்ள நம்மவர் பலருக்கு அது கூடுதல். மேசை உயர்ந்தால் தோள் தூக்கிக்கொள்ளும், ஒரு மாதத்தில் கழுத்து வலி வரும்.

ஆகவே, தெரிந்த ஆசாரி ஒருவரிடம் அந்த அளவைக் கொடுத்து 4 அடி நீளம், இரண்டரை அடி ஆழத்தில் ஒரு மேசை செய்து வாங்குவதே நல்லது. பலகைக்கு 18 அல்லது 19 மி.மீ. பிளைவுட் போதும், மேலே ஒட்டும் மைக்கா பளபளப்பில்லாததாக இருக்கட்டும், பளபளத்தால் விளக்கொளி அதில் பட்டுக் கண்ணில் அடிக்கும். ஒயர்கள் இறங்குவதற்குப் பின்புற ஓரத்தில் ஒரு துளை போடச் சொல்ல மறக்காதீர்கள். ஆழத்தை இரண்டடியாகக் குறைக்க அவர் யோசனை சொல்லக்கூடும். ஒப்புக்கொள்ளாதீர்கள், மானிட்டர் கண்ணுக்கு மிக அருகில் வந்துவிடும்.

பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை போட்டுச் சமாளிப்பது ஒரு வாரத்துக்கு மேல் நடக்காது.

5. மானிட்டர், விசைப்பலகை, மற்றவை

மானிட்டரை அங்குலத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பது பொதுவான தவறு. 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரை 24 அங்குலத்தில் அங்குலத்துக்கு 92 புள்ளிகள் தரும். அதே புள்ளிகளை 27 அங்குலத்தில் பரப்பினால் 82 ஆகக் குறைந்து, எழுத்தின் விளிம்பு உடைந்து தெரியும். 27 அங்குலம் வேண்டுமென்றால் 2560க்கு 1440 புள்ளிகளாவது இருக்கட்டும். அதில் 109 கிடைக்கும். நாள் முழுதும் எழுத்தைப் படிக்கிறவருக்கு இந்த எண்தான் முக்கியம். டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் ஒன்றுக்குச் சென்று, படத்தைக் காட்டச் சொல்லாமல் எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

மடிக்கணினியின் யூஎஸ்பி-சி துளை எல்லாவற்றிலும் படம் வெளியே வராது. துளையின் அருகில் உள்ள குறியையோ கையேட்டையோ பார்த்து உறுதி செய்த பிறகு கேபிள் வாங்குங்கள். ஐயம் இருந்தால் எச்டிஎம்ஐ போதும்.

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ, கை நீட்டினால் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும். இரண்டு மானிட்டர் தேவையா என்று கேட்பார்கள். ஒரு மானிட்டரும், தாங்கியில் உயர்த்தி வைத்த மடிக்கணினித் திரையும் எனக்குப் போதுமானவை. தாங்கியில் வைத்தால் அடியில் காற்றோட்டம் கிடைத்து வெப்பமும் குறையும். எப்போதும் பிளக்கிலேயே செருகியிருக்கும் மடிக்கணினியில் சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்குமாறு அமைத்துவிடுங்கள், ஏனெனில் வெக்கையும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி விரைவில் தேய்ந்துவிடும்.

மெக்கானிக்கல் விசைப்பலகையைக் கடைசியில் வாங்குங்கள். பிற்பகலில் வீட்டில் பெரியவர்கள் கண்ணயரும் நேரத்தில் சடசடக்கும் விசைகள் வீட்டு அமைதியைக் குலைக்கும்; வாங்குவதென்றால் சத்தம் குறைந்த சுவிட்ச் வகையைக் கேளுங்கள். அதன் மேல் முறுக்குத் தூள் விழாமல் பார்த்துக்கொள்வதும் பராமரிப்பில் சேரும், எறும்புகளுக்கு விசைகளின் அடிப்பகுதி மிகவும் பிடித்த இடம்.

6. கணினியில் பார்க்க வேண்டிய இரண்டு

ரேம் 16 ஜிபி, எஸ்எஸ்டி 512 ஜிபி. குறிமுறை (கோட்) எழுதும் எடிட்டர், உலாவி, தளத்தைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்க்கும் உள்ளூர் சர்வர், தரவுத்தளம் ஆகியவை ஒன்றாக ஓடும்போது 8 ஜிபி மூச்சு முட்டும். பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று வாங்குவதற்கு முன், ரேம் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டதா என்று கேளுங்கள். பல மெலிந்த மடிக்கணினிகளில் அது மாற்ற முடியாதது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியாக இருந்தால் லினக்ஸ் வகை இலவச இயங்குதளமான உபுண்டு நிறுவிக்கொள்ளுங்கள்; வெப் வேலைக்கு அது குறைவானதல்ல.

7. மென்பொருள் நிறுவும் வரிசை

பெரும்பாலோர் எடிட்டரில் தொடங்குகிறார்கள். நான் கடவுச்சொல் மேலாளரில் தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் இனி நிறுவப்போகும் ஒவ்வொன்றும் ஒரு கணக்கைக் கேட்கும். பிட்வார்டன் போன்ற ஒன்றை முதலில் அமைத்து, முக்கியக் கணக்குகளுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எடுத்து பீரோவில் வைத்துவிடுங்கள். கைப்பேசி தொலைந்த அன்று அந்தக் காகிதம்தான் கதவைத் திறக்கும்.

இரண்டாவது, இயங்குதளத்தின் புதுப்பிப்புகள் அனைத்தையும் முடித்தல். வேலை தொடங்கிய பிறகு இதைச் செய்தால் நடு வேலையில் மறுதொடக்கம் கேட்கும்.

மூன்றாவது, விண்டோஸ் பயன்படுத்துவோர், விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டப்ள்யூஎஸ்எல் 2 நிறுவி அதற்குள் உபுண்டுவை அமைத்தல். உங்கள் தளம் கடைசியில் லினக்ஸ் சர்வரில்தான் ஓடப்போகிறது. எழுதும் இடமும் லினக்ஸாக இருந்தால் பின்னாளில் திடீர்ப் பிழைகள் குறையும். ஒன்றைக் கவனியுங்கள்: திட்டக் கோப்புறை லினக்ஸ் பக்கத்திலேயே இருக்க வேண்டும். விண்டோஸின் சி டிரைவில் வைத்துவிட்டு லினக்ஸிலிருந்து இயக்கினால், ஒரு திட்டத்தின் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளும் இரண்டு கோப்பு முறைமைகளுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கடக்க நேர்ந்து எல்லாம் நத்தையாகிவிடும். கணினி மெதுவாக இருக்கிறது என்று என்னிடம் வந்தவர்களில் பலருக்கு நோய் இதுவாகத்தான் இருந்தது. டப்ள்யூஎஸ்எல் 2 இயல்பாகவே மொத்த ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும் என்பதால், 8 ஜிபி கணினியில் அதற்கு ஒரு வரம்பும் விதித்துவிடுங்கள்.

நான்காவது, குறிமுறையில் செய்யும் மாற்றங்களை வரலாறாகப் பதிந்து வைக்கும் கிட். நிறுவியதும் பெயரையும் மின்னஞ்சலையும் பதிவு செய்யுங்கள். தவறான மின்னஞ்சலோடு செய்த கமிட்டுகள் (மாற்றப் பதிவுகள்), கிட் திட்டங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் உங்கள் கணக்கோடு சேராது, வேலை தேடும்போது காட்ட முடியாமல் போகும். கிட்ஹப் 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் செயல்களுக்குக் கணக்கின் கடவுச்சொல்லை ஏற்பதில்லை. பழைய காணொளிகளைப் பார்த்துக் கற்பவர்கள் இந்த இடத்தில்தான் திகைத்து நிற்கிறார்கள். கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்களை அடையாளம் காட்டும் ஒரு எஸ்எஸ்எச் சாவி உருவாக்கி, அதன் பொதுப் பகுதியை மட்டும் கிட்ஹப்பில் சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

முதல் கமிட்டுக்கு முன்பே, எந்தக் கோப்புகளைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்லும் புறக்கணிப்புக் கோப்பை எழுதிவிடுங்கள். ரகசியச் சாவிகள் உள்ள கோப்பு ஒருமுறை கமிட்டில் ஏறிவிட்டால், பிறகு அதை நீக்கினாலும் வரலாற்றில் அப்படியே இருக்கும். அந்த நிலை வந்தால் கோப்பை அழிப்பதில் நேரம் போக்காமல், அந்தச் சாவியையே உடனடியாக ரத்து செய்து புதிதாக வாங்க வேண்டும்.

ஐந்தாவது, இணையதளங்களின் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் நோட் ஜேஎஸ். அதை நேரடியாக நிறுவாமல், பதிப்புகளை மாற்றிக்கொள்ள உதவும் என்விஎம் வழியாக நிறுவுங்கள், ஏனென்றால் இரண்டு வாடிக்கையாளர்களின் திட்டங்கள் இரண்டு வெவ்வேறு பதிப்புகளைக் கேட்கும் நாள் விரைவில் வரும். நீண்டகால ஆதரவுப் பதிப்பையே எடுங்கள். அனுமதி மறுக்கப்பட்டது என்று, பேக்கேஜ்களை (பிறர் எழுதிய ஆயத்தக் குறிமுறைத் தொகுப்புகளை) நிறுவும் கருவியான என்பிஎம் சொன்னால், நிர்வாகி அதிகாரம் தரும் சூடோ சேர்த்து மீண்டும் அழுத்தும் பழக்கம் வேண்டாம். கோப்புகளின் உரிமை ரூட் எனும் நிர்வாகிக் கணக்குக்கு மாறி, அடுத்தடுத்து அதே பிழை வேறு வேறு இடங்களில் முளைக்கும். பேக்கேஜ்களின் பதிப்புகளைக் குறித்து வைக்கும் பேக்கேஜ் பூட்டுக் கோப்பைக் கிட்டில் சேர்க்கத் தவறாதீர்கள். சேர்க்காவிட்டால் உங்கள் கணினியில் ஓடுவது சர்வரில் ஓடாமல் போகலாம்.

ஆறாவதாகத்தான் எடிட்டர்.

8. எடிட்டர்

விஎஸ் கோட் போதும். நீட்சிகளில் (எக்ஸ்டென்ஷன்) டப்ள்யூஎஸ்எல் நீட்சி, பிழை காட்டும் ஈஎஸ்லின்ட், குறிமுறையை ஒழுங்காக வடிவமைக்கும் பிரெட்டியர் ஆகிய மூன்றுக்கு மேல் முதல் மாதத்தில் எதையும் சேர்க்காதீர்கள். நாற்பது நீட்சிகளோடு வந்த ஒருவரின் எடிட்டரில் வடிவமைக்கும் நீட்சிகள் இரண்டு ஒன்றையொன்று திருத்திக்கொண்டே இருந்தன; கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் வரிகள் ஆடின, அவரோ தன் குறிமுறையில் பிழை தேடிக்கொண்டிருந்தார்.

பிரெட்டியரைத் திட்டத்துக்குள்ளேயே குறிப்பிட்ட பதிப்பில் நிறுவி, சேமிக்கும்போது தானாக வடிவமைக்குமாறு அமைக்கவும். ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் வரி முடிவுக் குறியையும் லினக்ஸ் முறைக்கு மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஒரு சொல்லைத் திருத்தினாலும் கோப்பு முழுதும் மாறியதாகக் கிட் காட்டி, உடன் வேலை செய்பவரின் பொறுமையைச் சோதிக்கும்.

எழுத்துருவில் சுழியமும் ஆங்கில ஓ எழுத்தும் வேறுபட்டுத் தெரிய வேண்டும். ஜெட்பிரெயின்ஸ் மோனோ அதற்கு ஏற்றது. அதில் தமிழ் எழுத்துகள் இல்லாததால் அடுத்த எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழைக் குறிப்பிடுங்கள்.

9. உலாவியும் ஒரு மலிவுக் கைப்பேசியும்

வேலைக்கென்று குரோமில் தனி சுயவிவரம் ஒன்றை, நீட்சிகள் ஏதுமில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத் தடுப்பான் உங்கள் தளத்தின் கோப்பையே தடுத்துவிட, அதற்காகப் பாதி நாளை இழப்பது புதியவர்களுக்கு வாடிக்கை. டெவலப்பர் கருவிகள் திறந்திருக்கும்போது தற்காலிகச் சேமிப்பை முடக்கும் பெட்டியையும் டிக் செய்துவிடுங்கள். பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் கிரிட் அமைப்பைப் பார்க்க ஃபயர்பாக்ஸும் உடன் இருக்கட்டும்.

கணினித் திரையைச் சுருக்கிப் பார்ப்பது கைப்பேசிச் சோதனை ஆகாது. வேகமும் தொடுதலும் உண்மையான கைப்பேசியில்தான் தெரியும், அதுவும் உங்கள் வாடிக்கையாளரின் வாடிக்கையாளர் வைத்திருக்கும் விலை குறைந்த ஆண்ட்ராய்டில். அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தட்டி டெவலப்பர் விருப்பங்களைத் திறந்து, யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிளால் இணைத்தால் குரோமின் சோதனைப் பக்கத்தில் (chrome://inspect) கைப்பேசி தோன்றும். தோன்றவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சில கேபிள்களில் சார்ஜ் மட்டுமே ஏறும், தரவு போகாது.

10. தமிழுக்கான ஏற்பாடு

இங்கே வரும் வேலைகளில் கல்யாண மண்டபம், நகைக்கடை, பள்ளி என்று தமிழ் உள்ளடக்கம் கொண்ட தளங்கள் நிறைய. தமிழ்99 விசைப்பலகை விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் கிடைக்கிறது. முதல் நாளே இயக்கிவிடுங்கள்.

அச்சகத்திலிருந்து வரும் தமிழ் உரை பல நேரங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும். எழுத்துருவை மாற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். அது அடியில் ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. மாற்றியால் யூனிகோடாக்கிய பிறகு ஒருமுறை முழுதும் வாசித்துப் பார்க்க வேண்டும்.

படிவங்களில் எழுத்து எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும்போது கவனம் தேவை. ‘தமிழ்’ என்ற சொல்லை நாம் மூன்றெழுத்து என்போம். ஜாவாஸ்கிரிப்ட் அதன் நீளத்தை 5 என்று சொல்லும், ஏனெனில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் அதற்குத் தனித்தனி. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் அதே சொல் 15 பைட் பிடிக்கும். ஆங்கிலப் பெயரை மனத்தில் வைத்து 20 என்று வரம்பிட்டால் மீனாட்சிசுந்தரம் என்ற பெயரின் பின்னால் முதலெழுத்தும் ஊர்ப்பெயரும் சேர இடமிருக்காது. வரி உயரத்தை 1.6க்குக் குறையாமல் வையுங்கள். குறைந்தால் மேல்வரியின் ‘மு’, ‘கூ’ போன்ற எழுத்துகளின் கீழ்ச்சுழியும் அடுத்த வரியின் ‘கீ’ போன்றவற்றின் மேற்சுழியும் முட்டிக்கொள்ளும்.

11. காப்பு

குறிமுறை கிட்டில் இருக்கிறது என்பதால் எல்லாம் பத்திரம் என்று எண்ண வேண்டாம். வாடிக்கையாளர் தந்த படங்கள், தரவுத்தள நகல், பில்கள் ஆகியவை கிட்டில் இருப்பதில்லை. வாரம் ஒரு முறை வெளி ஹார்டு டிஸ்கிலும், இணையச் சேமிப்பில் ஒரு பிரதியாகவும் வையுங்கள். டிஸ்கைக் கணினியிலேயே செருகி வைக்காதீர்கள், மின்னழுத்தம் எகிறினால் இரண்டும் சேர்ந்து போகும்.

மாதம் ஒரு கோப்பையாவது அந்தக் காப்பிலிருந்து மீட்டெடுத்துத் திறந்து பாருங்கள். என் பழைய டிஸ்க் ஒன்று எட்டு மாதம் ஒழுங்காக நகலெடுத்துக்கொண்டிருந்தது. திறந்து பார்த்த அன்றுதான் கோப்புறைகள் காலியாக இருப்பது தெரிந்தது.

12. ஒத்திகை

எல்லாம் முடிந்ததும், வேலை நெருக்கடி இல்லாத ஒரு நாளில், வீட்டாரிடம் சொல்லிவிட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். நண்பர் ஒருவரோடு காணொளி அழைப்பில் இருந்தபடியே ஒரு திட்டத்தை இயக்கி, ஒரு திருத்தம் செய்து, கிட்டில் ஏற்றிப் பாருங்கள். அழைப்பு அறுந்தால் 3ஆம் படியில் ரவுட்டரின் யூபிஎஸ்ஸைப் பாருங்கள்; கணினி அணைந்தால் இன்வெர்ட்டரின் சுவிட்சைப் பாருங்கள். பிறகு ரவுட்டரையும் அணைத்து, ஹாட்ஸ்பாட்டுக்கு மாற எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனால், ஹாட்ஸ்பாட்டின் பெயரும் கடவுச்சொல்லும் கணினியில் இன்னும் பதிவாகவில்லை என்று பொருள்.